அண்ணைக்குத் தெரியாத உடுப்பு

1

இந்த முறை ஊருக்குப் போய் இறங்கிய மறுநாள், உடுவில் சந்திக்குக் கிட்ட ஒரு கடையில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நின்றேன். சின்ன வயதில் என்னோடு ஓய்வுநாள் பாடசாலையில் படித்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி இறங்கிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள், குளிர், சபை என்று எல்லாம் விசாரித்துவிட்டு, "ஆசுப்பத்திரி வேலை எப்பிடிப் போகுது, ஐயா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "எந்த ஆசுப்பத்திரி?"

"கோயில் வேலையோடை ஆசுப்பத்திரியிலையும் போய் வருத்தக்காரருக்குச் செபம் பண்ணுறனீங்கள் எல்லோ. உங்கடை அண்ணை எப்பவும் சொல்லுறவர், தம்பிக்கு ரெண்டு வேலை, இருக்க நேரமில்லையெண்டு."

நான் சிரித்து, ஏதோ சொல்லி, பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு இரண்டு வேலை என்பது உண்மை. ஒன்று, ரொறன்ரோவில் ஒரு சிறிய தமிழ்ச் சபைக்குப் போதகர். மற்றது ஆசுப்பத்திரி வேலை அல்ல. கனடாவின் ரிசேர்வ் படையில் நான் ஆமிக் குருவானவர். அது அண்ணைக்கு நன்றாகத் தெரியும். அவர் அதை ஏன் ஆசுப்பத்திரியாக மாற்றினார் என்று அன்றைக்கு நான் பெரிதாக யோசிக்கவில்லை. ஊர்வாய்க்குப் பயந்திருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

2

ரிசேர்வ் என்றால் முழுநேரப் படை அல்ல. பகலில் வங்கியிலும் பாடசாலையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள், கிழமையில் ஒரு பின்னேரம் படைக் கட்டடத்துக்கு வருவார்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு காட்டுக்குள் பயிற்சி. கோடையில் இன்னும் நீளமாக ஒரு பயிற்சி. நான் அவர்களோடு போவேன், அவர்கள் உடுக்கும் உடுப்பையே உடுப்பேன், துவக்கு மட்டும் தொடமாட்டேன். அங்கே என் வேலை அநேகமாகக் கேட்டுக்கொண்டிருப்பது. மனைவி விட்டுப்போனதை, தகப்பனோடு கதையில்லாததை, இரவில் நித்திரை வராததைச் சொல்வார்கள். கிறிஸ்தவன், முஸ்லிம், சீக்கியன், ஒன்றையும் நம்பாதவன், எல்லாரும் வருவார்கள். என் பெயர் அவர்கள் வாயில் நுழையாது. எல்லாருக்கும் நான் 'பாட்றே'. போர்த்துக்கீசர் எங்களுக்கு விட்டுப்போன 'பாதிரி'தான் அது. ஊரிலே சைவப் பெடியள் கிறிஸ்தவரான என் தகப்பனைக் கேலிபண்ணக் கூப்பிட்ட சொல்லை, அங்கே ஒரு மேஜர் எழுந்து நின்று மரியாதையோடு சொல்வார். முதல் நாள் அது எனக்குக் காதில் ஒட்டவே இல்லை.

என் கார் டிக்கியில் ஒரு பக்கம் அங்கி, மறுபக்கம் ஆமி உடுப்பு. சனிக்கிழமை காட்டுக்குள் ஆள் தெரியாமலிருக்க முகத்தில் பச்சை மை பூசி, சேற்றுக்குள் கூடாரத்தில் படுத்துவிட்டு, ஞாயிறு விடியப் பெற்றோல் நிலையக் கழிப்பறையில் முகம் கழுவி, வெள்ளைக் கொலர் கட்டிக்கொண்டு ஆராதனைக்கு ஓடியிருக்கிறேன். ஒருமுறை திருவிருந்து கொடுக்கும்போது, அப்பத்தை வாங்கிய அம்மா ஒருவர் மெல்ல, "பாஸ்டர், காதுக்குப் பின்னாலை பச்சை மை" என்றார். இன்னொருமுறை ஆராதனை முடிவில் ஆசீர்வாதம் கூறக் கையை உயர்த்திவிட்டு, படையில் சொல்வதுபோல "கலையலாம்" என்று சொல்லிவிட்டேன். சிறுவர்கள் சந்தோஷமாக எழுந்து ஓடினார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. எங்கள் சபையில், ஊரில் நின்ற ஆமியால் ஒருவரையும் இழக்காத குடும்பம் மிகக் குறைவு. நான் படையில் சேர்ந்தபோது இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. "கனடா ஆமி வேறை, அந்த ஆமி வேறை எண்டு மூளைக்குத் தெரியுது பாஸ்டர். உடுப்பைக் கண்டா வயித்துக்குத் தெரியுதில்லை" என்று ஒரு அம்மா சொன்னார். பொய்யில்லாத பேச்சு அது. அவர் போகவில்லை, இன்றும் வருகிறார். ஆனால் முதியவர் ஒருவர் சாகக் கிடந்தபோது நான் தொலைபேசி எடுபடாத காட்டுக்குள் இருந்தேன். வந்து சேர அடக்கமே முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

3

ஏன் போனேன் என்று சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரின் மகன் வெளிநாட்டில் சண்டைக்குப் போய்த் திரும்பிவந்து, சில காலத்தில் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். அவர்களுக்குக் கோயில் என்று ஒன்றும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு போதகர் இருக்கிறார் என்று என்னை அடக்கம் செய்யக் கேட்டார்கள். செய்தேன். முடிந்து கார்க் கதவைத் திறக்கும்போது அவனோடு படையில் இருந்த ஒருவன் வந்து, "நாங்கள் அங்கே செய்ததைக் கடவுள் பார்த்தாரா?" என்று கேட்டான். பனிக்குள் அவனோடு நின்றேன். அவனுடைய படைக் குருவானவர் பிறகு என்னைத் தேடிவந்து, "எங்களுக்கு ஆட்கள் காணாது. நீங்கள் வருவீர்களா?" என்றார்.

நான் முதலில் கேட்டது என் மனைவியைக்கூட அல்ல, அண்ணையை.

அண்ணைக்கு ஒரே பிள்ளை, தீபன். இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன அண்ணை அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். கடைசிக் காலத்தில் தீபன் இயக்கத்துக்குப் போனான். போனானா, கொண்டுபோனார்களா என்று அண்ணை ஒருநாளும் சொன்னதில்லை. சண்டை முடிந்தபோது, விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஆமி அறிவித்ததை நம்பி, அண்ணையின் மனைவி, என் மச்சாள், தானே மகனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்தா. அண்ணையும் பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகு தீபனைக் கண்டவர் இல்லை. அவர்கள் இருவரும் மட்டும் ஊருக்குத் திரும்பினார்கள். மச்சாள் இன்றும் மற்றத் தாய்மாரோடு வீதியோரப் பந்தலில் அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா.

அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துத்தான் நான் ஆமியில் சேரலாமா என்று கேட்டேன்.

"அண்ணை, தீபனைக் குடுத்த இடத்திலை துவக்கு இல்லாத ஒருத்தன் நிண்டு, இந்தப் பெடியனை எங்கை கொண்டுபோறியள் எண்டு பெரியவங்களைக் கேட்டிருந்தா? அப்பிடி ஒருத்தனா நிக்கத்தான் என்னைக் கூப்பிடினம்."

"எந்த நாட்டு ஆமியும் ஆமிதான்" என்றார் அண்ணை. "ஆனா நீ சொல்லுறது எனக்கு விளங்குது. ஓம், போ. நீ போறது நல்லது."

பிறகு பாதுகாப்பு விசாரணை வந்தது. ஆயுதக் குழுக்களோடு தொடர்புள்ள உறவினர் உண்டா என்று ஒரு அதிகாரி கேட்டார். தற்போதைய முகவரி என்ன என்று கேட்டார். தீபனின் முகவரியை நான் என்னவென்று சொல்வது? அவனைப் பற்றிச் சொல்லலாமா என்று மறுபடியும் அண்ணைக்கு எடுத்தேன். அவர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தீபனின் முழுப்பெயரைச் சொன்னார். ஒப்படைத்த இடத்தைச் சொன்னார். "பிழையா எழுதிப்போடாதை" என்றார். "அவன்ரை பேரை ஒரு அரசாங்கமெண்டாலும் சரியா எழுதட்டும்."

இது நடந்து ஆறேழு வருடம். அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும் அண்ணை கேட்பார்: "காட்டுக்கை போகேக்கை அந்தச் சப்பாத்து குளிருக்குக் காணுமோ?"

4

இந்த முறை ஊரில் என் சொந்தச் சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் பிரசங்கிக்க அழைப்பு வந்ததற்குக் காரணமும் அண்ணைதான். அவர் அங்கே செயற்குழுவில் இருக்கிறார். நான் ஞானஸ்நானம் பெற்ற கோயில் அது. தோட்டக்காரர்கள் பூசணியும் பயற்றங்காயும் வெங்காயப் பிடிகளும் கொண்டுவந்து பீடத்துக்கு முன் குவிக்கும் அந்த நாளில் ஒருமுறை அங்கே நின்று பேசவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் எனக்கு வரவேற்புப் பதாகை அடிக்க நினைத்தார்கள். படம் வேண்டும். என்னைக் கேளாமல், எனக்கு ஒரு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று, என் மகள் மெலனியின் முகநூலில் தேடினார்கள். அங்கே நவம்பர் மாதத்துப் படம் ஒன்று இருந்தது. இறந்த படையினரின் நினைவுநாளில், முழு ஆமி உடுப்போடு, தொப்பியோடு, கழுத்துப்பட்டியில் சிறு சிலுவையோடு நான். கீழே ஆங்கிலத்தில், என் அப்பாவை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்று எழுதியிருந்தாள். அது கைபேசி கைபேசியாகச் சபை முழுக்கப் பரவியது.

விஷயம் எனக்குத் தெரிந்தபிறகு அவளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவள் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும், "நீங்க நல்ல வேலைதானே செய்யிறீங்க அப்பா, ஏன் ஹைட் பண்ணணும்?" என்றாள். பெரியம்மாவின் மடியிலுள்ள படத்தில் இருப்பவன் தன் அண்ணன் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவுமில்லை.

பண்டிகைக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, சபையின் இளம் போதகர் அண்ணை வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் தங்கியிருந்தேன். அண்ணை விடியவே தோட்டத்துக்குப் போயிருந்தார். மச்சாள் பந்தலுக்குப் போயிருந்தா. போதகர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஐயா, நாளைக்கு நீங்கள் பிரசங்கிக்க வேண்டாமெண்டு செயற்குழு முடிவெடுத்திட்டுது. அந்தப் படத்தை எல்லாரும் பாத்திட்டினம். காணாமல்போன பிள்ளையளின்ரை தாய்மார் எங்கடை சபையிலையே நாலைஞ்சு பேர் இருக்கினம். நான் என்ன செய்ய?"

"நீங்கள் செய்தது சரி," என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். "ஆனா நான் அதை ஒளிச்சுச் செய்யேல்லை. அண்ணையிட்டைக் கேட்டுத்தான்..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் வாக்கியத்தை முடிக்காமல் விட்டேன். "அண்ணையும் கூட்டத்திலை இருந்தவரோ?"

"இருந்தவர் ஐயா. எல்லாரும் அவரைத்தான் கேட்டவை. தனக்கு ஒண்டும் தெரியாதாம். ஆசுப்பத்திரி வேலையெண்டு சொல்லித் தம்பி தன்னையும் ஏமாத்திப்போட்டான் எண்டு அழுதவர். அதுக்குப் பிறகுதான் முடிவெடுத்தவை."

5

அண்ணையின் தோட்டம் சண்டிலிப்பாயில். ஓய்வுபெற்றபின் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் வைக்கிறார். வீட்டில் நின்ற சைக்கிளில் போனேன். தண்ணீர் இறைக்கும் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. மெசினை நிறுத்தவில்லை.

"போதகர் வந்தவரோ?" என்றார்.

"வந்தவர். நீங்கள் தெரியாதெண்டு சொன்னனீங்களாம்."

அவர் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்தார்.

"அண்ணை, தீபன்ரை பேரை எழுத்துக் கூட்டித் தந்தது நீங்கள். சப்பாத்தைப் பற்றிக் கேட்டது நீங்கள்."

"ஓம்."

"பிறகு ஏன்?"

மெசின் சத்தத்துக்கு மேலாகக் கத்தாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "உன்ரை மச்சாளுக்கு நான் சொல்லேல்லை. அண்டைக்கே சொல்லேல்லை. எப்பிடியடா சொல்லுறது? அவ விடிய எழும்பிப் படத்தைத் துடைச்சுக் கொண்டுபோறா. நான் இஞ்சை இருந்து, தம்பி ஆமிக்குப் போகட்டும், நல்லதெண்டு சொல்லியிருக்கிறன். அது தெரிஞ்சா அவ என்னோடை ஒரு வீட்டிலை இருப்பாவோ? ஆசுப்பத்திரியெண்டு சொன்னன். சொன்னது சொன்னபடி போச்சு."

"நான் ஏமாத்தினனெண்டு சொல்லி அழுதனீங்களாம்."

"அழுகை தானா வந்தது. நான் அழோணுமெண்டு அழேல்லை." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "நீ நாளையிண்டைக்குப் பிளேனேறிப் போயிடுவாய். நான் உந்த ஆக்களோடை இருக்கோணும். அவவோடை இருக்கோணும்" என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயம்தான். அதுதான் எனக்குக் கொதித்தது. முப்பது வருடமாக மற்றவர்களின் நியாயங்களைக் கேட்பதே என் தொழில். அன்றைக்கு மட்டும், எனக்கென்று ஒரு நியாயத்தை யாராவது வைத்திருக்கவேண்டும் என்று தோன்றியது. அதை வைத்திருந்த ஒரே ஆள் மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டிக்கொண்டு நின்றார்.

"இண்டைக்கு மச்சாளிட்டை நீங்களாச் சொல்லுங்கோ," என்றேன். "சபைக்கு வேண்டாம். அவவுக்கு மட்டும்."

"பாப்பம்," என்றார்.

6

மச்சாள் பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்கினா. படத்தைச் சீலைத் துணியில் சுற்றியபடி சுவாமி மேசையில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தா. கை கால் கழுவி, மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா. எங்கள் தாய் வருத்தத்தில் கிடந்த காலத்தில், புதுசாகக் கலியாணம் செய்துவந்த அவதான் எனக்குச் சோறு கட்டித்தந்து பள்ளிக்கூடம் அனுப்பினவ. நான் போதகரானபிறகு 'நீ' என்பதை விட்டு 'நீர்' என்று கூப்பிடுவா. பந்தலில் யாரோ கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன்," என்றா. குரலில் கோபம் இல்லை. "நீர் உந்த உடுப்புப் போடுறதை முந்தியே உவருக்குச் சொன்னனீரோ?"

நான் அண்ணையைப் பார்த்தேன். எனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். அவருக்குப் பேச இடம் விட்டேன். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள் பார்த்தார்.

"சொல்லேல்லை மச்சாள்," என்றேன்.

அது தியாகம் ஒன்றும் இல்லை. அந்தச் சொல் வாயைவிட்டுப் போன பிறகாவது அவர் "இல்லையப்பா, எனக்குத் தெரியும்" என்று குறுக்கே வருவார் என்றுதான் சொன்னேன். என் அண்ணை, தம்பியை அப்படி விடமாட்டார் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

மச்சாள் தலையை ஆட்டினா. "நானும் அப்பிடித்தான் நினைச்சன். உவர் என்னட்டை ஒண்டும் மறைக்கமாட்டார்." பிறகு, "எனக்குச் சொல்லாட்டிலும் பறுவாயில்லை. பிள்ளையைக் குடுத்த மனுசன், உவருக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்."

"ஓம் மச்சாள்."

"தீபன் இருந்தா உம்மை அந்த உடுப்போடை கண்டு என்ன செய்திருப்பானோ தெரியாது. எனக்கெண்டா இனி உம்மை வீட்டிலை வைச்சுப் பாக்க ஏலாது." எழுந்து குசினிப் பக்கம் போனவ, வாசலில் திரும்பி நின்றா. "சாப்பிட்டிட்டுப் போம். புட்டு அவிச்சிருக்கிறன்."

நான் இருந்து சாப்பிட்டேன். அண்ணையும் சாப்பிட்டார். மச்சாள் இருவருக்கும் பரிமாறினா. என் தட்டில் கறி முடிந்ததைக் கண்டு மறுபடி விட்டா. பிறகு நல்லூரில் தங்குமிடம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்து, பையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். படலை வரைக்கும் வந்த அண்ணை என் தோளில் கையை வைத்தார். அந்தக் கையை நான் தட்டிவிடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். ஓடி ஒளிந்தவன் என்றும் சொல்லக்கூடாது பாருங்கள். பின்னால், கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். அந்த வாங்கில் வேறு யாரும் வந்து இருக்கவில்லை. பழக்கடையில் என் கையைப் பிடித்தவர் என்னைக் கடந்து முன்னுக்குப் போனார். வேதபாடம் வாசித்தது அண்ணை. படிப்பித்த ஆளல்லவா, சொல் சொல்லாக, கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும்படி வாசித்தார்.

7

திரும்பிவந்து மாதங்களாகிவிட்டன. பழையபடி கிழமைக்கு ஒரு பின்னேரம் படைக் கட்டடம், ஞாயிறு ஆராதனை. போன கிழமை ஒரு கோப்ரல் வந்து, நண்பன் ஒருவன் தன்னை விசாரணையில் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று சொல்லி அழுதான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். போகும்போது அவன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான்.

அண்ணை கதைக்கிறார். மச்சாள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒழுங்கைக்குள் நின்று எடுக்கிறார். மழை, வெங்காயம், மெலனியின் படிப்பு. ஒவ்வொருமுறையும், இன்றைக்குச் சொல்லப்போகிறார் என்று காத்திருப்பேன். ஒருநாள் நானே கேட்டேன்.

"மச்சாளிட்டைச் சொன்னனீங்களோ?"

"சொல்லுவன். அவவுக்கு இப்ப பிரஷர் கூடவாம். அவசரப்படாதை," என்றார். "சரி, வைக்கிறன். அவ வாறா போலை கிடக்கு."

இதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் ஊரில் வாசிப்பவர்களில் யாராவது கண்டுபிடித்து மச்சாளிடம் கொண்டுபோய்க் காட்டக்கூடும். காட்டட்டும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேனா, காட்டக்கூடாது என்று பயந்துகொண்டு எழுதுகிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கர்த்தருடைய செபத்தை நான்தான் தொடக்கிவைக்கிறேன். எங்களுக்குப் பிழை செய்தவர்களை மன்னிப்பது பற்றிய இடம் வரும்போது என் வாய் நின்றுவிடுகிறது. சபை பெரிய குரலில் சொல்லிக்கொண்டு போகிறது. போதகர் அந்த இடத்தில் பேசாமல் நிற்கிறார் என்பது இன்னும் ஒருவருக்கும் தெரியாது.